கடைசிப் பெயர்

என் அக்கா மகள் எச்.ஐ.வி.யோடு பிறந்தவள். 2004இல் அரசு கூட்டு மருந்தை இலவசமாகத் தரத் தொடங்கியதால் பிழைத்தாள். 26 வயதில் கர்ப்பப்பை வாயில் புற்றுநோய். ஆபரேஷன் பட்டியலில் தினமும் அவள் பெயர்தான் கடைசி. நேரமாயிருச்சு, நாளைக்குப் பாக்கலாம் என்று அனுப்பிவிடுவார்கள். ‘கடைசியா வச்சாத்தான் தியேட்டரக் கழுவ வசதி’ என்றார் ஊழியர். எனக்கு டீக்கடையில் தனியாக வைத்திருந்த கிளாஸ் ஞாபகம் வந்தது.

எல்லா நோயாளியின் ரத்தத்தையும் ஒரே எச்சரிக்கையோடு கையாள வேண்டும் என்பதுதான் மருத்துவ விதி. அதன்படி நடந்தால் கடைசிப் பெயர் எதற்கு?

எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு இந்தப் புற்று வரும் ஆபத்து ஆறு மடங்கு. 25 வயதிலிருந்தே சோதிக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். மாதாமாதம் மாத்திரை வாங்கப் போனவளை ஒருவரும் சோதிக்கவில்லை.

‘ஓசியா மாத்திரை குடுக்குறாங்கல்ல, இன்னும் என்ன?’ என்று படித்தவர்களே கேட்கிறார்கள். கொடுத்தது தர்மமென்றால் பாதியில் நிறுத்தலாம். உரிமையென்றால் நிறுத்த முடியாது. மருத்துவத்தில் பாகுபாடு கூடாதென்று 2017இல் சட்டம் வந்தது. தீண்டாமைக்கு எதிராக 1955லேயே சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் அந்தக் கிளாஸில் நான் குடித்திருக்கிறேன்.

சண்டை போட்ட பிறகுதான் ஆபரேஷன் நடந்தது. அதற்கு முன்னால் அவள் சொன்னாள்: ‘எரக்கப்படச் சொல்லாத மாமா. வரிசைல என் எடத்தக் குடுக்கச் சொல்லு.’