செப்பிடு வித்தையும் சொல்லின் வாய்மையும்

செப்பிடு வித்தை காட்டுவோன் கையினால் மட்டும் தொழில் செய்வானல்லன்; வாயினாலும் செய்கின்றான். அவன் வினாவொன்றை எழுப்புங்கால் அவையோர் விழிகள் அவன் முகத்தின்மேற் செல்லும். நகைமொழி கூறுங்கால் அவர் கருத்துத் தளரும். அவ்விமைப்பொழுதிலேயே ஒரு கையிலுள்ள பந்து மறு கைக்கு மாறிவிடுகின்றது.

கண் திறந்திருந்தும் காணாமை எங்ஙனம் நிகழும் எனின், மனம் உடன்செல்லாவிடத்துக் கண்ணின் தொழில் நிரம்பாது என்க. 1999ஆம் ஆண்டில் சைமன்சு, சாப்ரிசு என்னும் உளநூலார் இருவர் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டனர். பந்து எத்தனை முறை கைமாறுகின்றதென எண்ணுமாறு பணித்து அவர் காட்டிய படத்தின் நடுவே, கொரில்லாக் குரங்கின் வேடம் பூண்ட ஒருவர் வந்து மார்பில் அறைந்து சென்றார். பார்த்தோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் அவரைக் கண்டிலர். பணித்த சொல்லே அவர்க்குத் திரையாயிற்று.

அற்றேல், பிறர் கருத்தை வேறுவழிப்படுத்தும் உரை பொய்யுரையாகாதோ எனிற் கூறுதும்.

பிரான்சு நாட்டு வித்தகராகிய இராபர்ட் ஊடேன் என்பார் 1845இல் பாரிசு நகரில் வித்தையரங்கு ஒன்று திறந்தார். அவர்பால் ஒரு சிறு பெட்டி இருந்தது. மேடையின் கீழ் மறைந்த மின்காந்தத்தின் ஆற்றலால், அது வேண்டியபோது எடுத்தற்கரிய பாரமுடையதாகும். பாரிசு மக்கள் தாம் காண்பது வித்தையே என்றறிந்து, வியப்பை விரும்பியே வந்தனர். ஆதலின் ஆண்டு அவர் கூறிய உரை இருசாரார்க்கும் உடன்பாடான விளையாட்டாயிற்று.

அல்சீரிய நாட்டுச் சமயத் தலைவர் சிலர் அற்புதங்கள் காட்டி மக்களைக் கிளர்ச்சிக்குத் தூண்டுகின்றனர் எனக் கருதிய பிரெஞ்சு அரசாங்கம், 1856இல் அவரை அந்நாட்டிற்கு அனுப்பிற்று. ஆண்டு அவர் வலிமைமிக்க அராபியர் ஒருவரை அழைத்துப் பெட்டியை எடுக்கச் செய்தார். அவரும் எளிதில் எடுத்தார். பின்னர், "உன் வலிமையைப் போக்கிவிட்டேன்" என்னும் கருத்துப்படக் கூறி மீண்டும் எடுக்கச் செய்ய, அது அசையவில்லை என்று தம் வரலாற்றில் அவரே எழுதியுள்ளார். அச்சொல்லால் அனைவர் கருத்தும் அம்மனிதரின் தோளிற் சென்றது. பெட்டியின் அடியை நோக்குவார் ஒருவருமிலர். பெட்டி ஒன்றே, எனினும் பாரிசில் அது மகிழ்வித்தது, அல்சீரியாவில் அஞ்சுவித்தது. இவை மாயமல்ல, வித்தையே என்று பின்னர் மொழிபெயர்ப்பாளர் வாயிலாக அறிவிக்கச் செய்ததாகவும் அவர் கூறுகின்றார். அவ்வறிவிப்பு நன்றேயாயினும், அச்சம் தன் வேலையைச் செய்து முடித்த பின்னரன்றோ வந்தது?

ஆகவே, சொல் கருத்தைத் திருப்புதல் மாத்திரையால் குற்றமாகாது. கேட்போன் அதற்கு உடன்பட்டனனா என்பதும், மறைத்தது வெளிப்படுங்கால் அவன் இழப்பது யாது என்பதுமே அளவுகோலாம். வித்தையின் மறைவை அறிந்த அவையோன் நகைத்து எழுவான், இழப்பு ஒன்றுமிலன். எடைக்கல்லை மறைத்து இன்சொற் பேசும் வணிகனிடத்தும், ஒப்பந்தத்தின் தீய பகுதியை நட்புரையால் மூடுவோனிடத்தும் கேட்டவன் பொருளையும் நம்பிக்கையையும் ஒருங்கே இழக்கின்றான். உடன்படாதான் கண்ணைச் சொல்லாற் கட்டுதல் களவின் ஒரு கூறேயாம். இன்சொல் செவியிற் புகும்பொழுது, சொல்வோன் கை யாது செய்கின்றது என நோக்குதல் கேட்போர் கடன். நோக்கினும் நாணவேண்டாத கையை உடையராதல் சொல்வோர் கடன்.