கணக்கில் வராத பார்வை

சென்ற ஆண்டு ஆடித் திங்களில், குன்னூரில் உள்ள என் மகள் இல்லத்தில் சில வாரங்கள் தங்கியிருந்தேன். மருமகன் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கர், மகள் பள்ளியாசிரியை. காலையில் இருவரும் புறப்பட்டுச் சென்றபின் வீட்டில் இருப்போர் நானும் என் தமக்கையாரும் மட்டுமே. வெளியே ஓயாத சாரலும் மூடுபனியும். எதிரே உள்ள தேயிலைச் சரிவுகூடக் கண்ணுக்குப் புலப்படாது.

தமக்கையாருக்கு வயது எழுபத்தெட்டு. இளமையிலேயே இரவுண்ணாமை நோன்பை ஏற்றவர். வடிகட்டாத நீரைப் பருகாதவர். வாசற்படியில் எறும்பு வரிசையைக் கண்டால் அது கடந்து போகும்வரை காத்து நிற்பவர். அத்தகையவர் நண்பகல் உணவுக்குப்பின் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்தால், மூன்று தொடர்கள் முடிந்த பிறகே எழுந்திருப்பார். ஒருநாள், மருமகளுக்குப் பாலில் நஞ்சு கலந்து கொடுக்கும் ஒரு பாத்திரத்தைக் கண்டு மனம் பொறுக்காமல், "இந்தப் பாவி லாரியில் அடிபட்டுச் சாகமாட்டாளா?" என்று வாய்விட்டுச் சொன்னார். "சாகத்தான் வேண்டும் அக்கா" என்று நானும் சொன்னேன். சொல்லி முடித்த பின்னரே நாங்கள் இருவரும் என்ன சொன்னோம் என்பது எனக்கு உறைத்தது.

அன்று மாலை மருமகன், "உங்களைப் போன்றவர்கள் பார்ப்பதால்தான் அத்தை, இத்தொடர்கள் ஆண்டுக்கணக்கில் ஓடுகின்றன" என்று வேடிக்கையாகக் கூறினார். தமக்கையார் விடவில்லை. "நம் வீட்டில் கணக்கெடுக்கும் கருவி ஏதும் இருக்கிறதா மாப்பிள்ளை? நான் பார்ப்பது எவருக்கும் தெரியாது. எந்தக் கணக்கிலும் ஏறாது. பிறகு நான் எப்படிப் பொறுப்பாவேன்?" என்றார்.

இக்கேள்வியைப் புறந்தள்ளிவிட முடியாது. நம் இல்லங்கள் பலவற்றிலும் எழக்கூடிய கேள்வி இது. ஆகவே இதனைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

கணக்கெடுக்கும் முறை

ஒரு நிகழ்ச்சியை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பதைக் குறிக்கும் எண்ணையே டி.ஆர்.பி. என்று வழங்குகின்றனர். விளம்பரதாரர் பணம் தருவது இவ்வெண்ணைக் கண்டே. நம் நாட்டில் 'டாம்' என்னும் அமைப்பு 1998 இல் தோன்றிப் பல ஆண்டுகள் இப்பணியைச் செய்தது. பின்னர், ஒளிபரப்பாளரும் விளம்பரதாரரும் விளம்பர நிறுவனங்களும் சேர்ந்து அமைத்த 'பார்க்' என்னும் அமைப்பு 2015 முதல் கணக்கை வெளியிட்டு வருகிறது.

எல்லா வீடுகளையும் எண்ணுவது இயலாது. ஆகவே மாதிரிக்காகச் சில இல்லங்களைத் தேர்ந்தெடுத்து, அங்குள்ள பெட்டியோடு ஒரு கருவியை இணைத்து வைப்பர். நிகழ்ச்சியின் ஒலியில் நம் செவிக்கு எட்டாத ஒரு குறியீடு கலந்திருக்கும். அதைக்கொண்டு எந்த நிகழ்ச்சி ஓடுகிறது என்பதைக் கருவி அறிந்துகொள்ளும். குடும்பத்தார் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பொத்தான் உண்டு. பார்க்க அமர்பவர் தம் பொத்தானை அழுத்த வேண்டும். 2020 ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 44,000 இல்லங்களில் இக்கருவி இருந்தது. அன்று நாட்டில் தொலைக்காட்சி உள்ள இல்லங்கள் ஏறத்தாழ 21 கோடி என மதிப்பிட்டனர். வகுத்துப் பார்த்தால், ஒரு கருவி சற்றேறக்குறைய 4,770 இல்லங்களுக்காகப் பேசுகிறது எனலாம்.

நீலகிரி மலை நெடுங்காலம் இக்கணக்கின் ஓரத்திலேயே இருந்து வந்தது. தொடக்க ஆண்டுகளில் பெரும்பாலும் ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களிலேயே கணக்கெடுத்தனர். 2011 கணக்கெடுப்பின்படி இம்மாவட்டத்தின் மக்கள்தொகை 7,35,394. ஆயின் தலைநகராகிய உதகமண்டலம் நகராட்சியிலோ 88,430 பேர்தாம். குன்னூர் அதனினும் சிறியது. 2006 முதல் தமிழக அரசு குடும்ப அட்டைதாரர்களுக்கு இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை வழங்கியபோது, தோட்டத்து லைன் வீடுகளிலும் பெட்டி வந்து அமர்ந்தது. ஆனால் நாட்டுப்புற இல்லங்களின் பார்வை கணக்கில் சேர்ந்தது 2015 அக்டோபர் முதற்கொண்டே. ஆக, தமக்கையார் கூறியதில் உண்மை இல்லாமல் இல்லை. இம்மலையில் பல்லாயிரம் பேர் பார்த்தார்கள். அவர்களை எவரும் எண்ணவில்லை.

ஒரு சோறு பதம்

எண்ணப்படாதவருக்குப் பொறுப்பும் இல்லையா? 'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பது நம் பழமொழி. விரலால் நசுக்கிப் பார்த்த பருக்கை வெந்திருக்கிறது என்றால், பானையில் உள்ள மற்றவையும் அதே நீரில், அதே நெருப்பில் வெந்திருக்கின்றன என்பதே பொருள். 'என்னை எவரும் நசுக்கிப் பார்க்கவில்லை. ஆகவே நான் வேகவில்லை' என்று மற்றொரு பருக்கை சொல்ல முடியாது. கருவி பொருத்திய இல்லத்தார் நம்மினும் வேறுபட்டவர் அல்லர். அவர்கள் விரும்புவதை நாமும் விரும்புகிறோம் என்பதனால்தான் மாதிரி என்பது மாதிரியாகிறது.

வினை மூவகையில் வந்து சேரும் என்பது நாம் சிறு வயது முதல் கேட்டுவரும் பாடம். தான் செய்தல், பிறரைக்கொண்டு செய்வித்தல், செய்பவருக்கு உடன்படுதல் என்பன அவை. மூன்றாவதாகிய உடன்பாட்டுக்குக் கையும் காலும் அசைய வேண்டுவதில்லை. மனம் இசைந்தால் போதும்.

எடையும் கொழுந்தும்

ஆயினும், பார்த்தல் எல்லாம் உடன்பாடு ஆகிவிடுமா? அருவருப்போடு பார்ப்பவர் உண்டு. இரக்கத்தோடு பார்ப்பவர் உண்டு. கண் பெட்டியிலும் கை கீரை ஆய்வதிலும் இருப்போரும் உண்டு. கருவிக்கு இவர்கள் அனைவரும் ஒன்றே.

இதனை மலைநாட்டு வழக்கம் ஒன்றைக் கொண்டு விளக்கலாம். பறித்த தேயிலையை நாள்தோறும் நிறுத்துக் கணக்கில் எழுதுவர். தராசு கிலோவைச் சொல்லும். கூடையில் இருப்பது இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பறித்த இளங்கொழுந்தா, கைக்கு வந்தபடி உருவிய முற்றல் இலையா என்பதைத் தராசு சொல்லாது. சோவியத் நாடு நீலகிரித் தேயிலையைப் பெருமளவில் வாங்கிய காலத்தில் எடையே எல்லாமாக இருந்தது. 1991 இல் அவ்வொன்றியம் கலைந்தது. 1990களின் இறுதியில் பசுந்தேயிலையின் விலை சரிந்து, சிறு விவசாயிகள் பெருந்துன்பத்துக்கு ஆளாயினர். எடையை மட்டும் நோக்கித் தரத்தைக் கைவிட்டதும் அவ்வீழ்ச்சிக்கு ஒரு காரணம் என்பதை இம்மலையில் பெரியவர்கள் பலரும் ஒப்புக்கொள்வர். எது எண்ணப்படுகிறதோ அதுவே விளைவிக்கப்படும். எண்ணப்படாதது நாளடைவில் அருகிப் போகும். கதைகளுக்கும் இதுவே நேர்கிறது.

பகல்நேரத் தொடர்களின் பிறப்பே இதற்குச் சான்று. 1930களில் அமெரிக்க வானொலியில் இல்லத்தரசியருக்காகப் பகலில் ஒலிபரப்பான தொடர்கதைகளுக்குச் சோப்பு நிறுவனங்கள் பொருளுதவி செய்தன. 'சோப்பு நாடகம்' என்னும் பெயர் அதனால் வந்தது. அவ்வகையில் 1937 இல் வானொலியில் தொடங்கிய 'கைடிங் லைட்' என்னும் தொடர், 1952 இல் தொலைக்காட்சிக்கு மாறி, பார்வையாளர் எண்ணிக்கை குன்றிய நிலையில் 2009 இல் நிறுத்தப்பட்டது. எழுபத்திரண்டு ஆண்டுகள் ஒரு கதை! நம் நாட்டில் தூர்தர்சன் 1994 இல் ஒளிபரப்பிய 'சாந்தி' பகல்நேர அன்றாடத் தொடர்களுக்கு முன்னோடி. பின்னர்த் தனியார் அலைவரிசைகள் பெருகிட, தமிழிலும் பகற்பொழுது முழுதும் தொடர்கள் நிறைந்தன.

கதை தீதன்று

கதை கேட்பதே தவறு என்று கூற நான் முன்வரவில்லை. கூறினால் நம் முன்னோரே என்னை மறுப்பர். திருத்தக்கதேவர் துறவி, அவர் பாடிய சீவக சிந்தாமணியோ மணநூல் என்றே பெயர் பெற்றது. காதலும் போரும் சூழ்ச்சியும் அதில் நிறைந்துள்ளன. ஆனால் அக்கதைக்கு ஒரு முடிவு உண்டு. சீவகன் துறவு பூணும் முத்தி இலம்பகத்தை நோக்கியே அது நடக்கிறது. வினை விளைந்து பயன் தருவதை நாம் காண்கிறோம்.

எண்ணிக்கையை நம்பி வாழும் தொடருக்கு முடியும் உரிமை இல்லை. தீயவள் திருந்தினால் கதை நின்றுவிடும். ஆகவே அவள் திருந்தலாகாது. நல்லவள் துயர் நீங்கினால் பார்வையாளர் எழுந்து போய்விடுவர். ஆகவே துயர் நீங்கலாகாது. வினைப்பயன் நாளை, நாளை என்று ஒத்திப்போடப்படுகிறது. அதுவரை நம் நெஞ்சில் சினம் மட்டும் நாள்தோறும் ஊட்டப்படுகிறது.

மாவினாற் செய்த கோழி

'அவள் உண்மையான பெண்ணே அல்லள், நடிப்புத்தானே! அவள் சாகவேண்டும் என்று சொன்னதனால் எந்த உயிருக்கு என்ன தீங்கு?' என்று கேட்கலாம். இக்கேள்விக்கு விடை யசோதர காவியத்தில் உள்ளது. அரசன் யசோதரன் உயிர்க்கோழியைப் பலியிட மறுத்தான். ஆயினும் தாய் சந்திரமதியின் வற்புறுத்தலால், மாவினாற் செய்த கோழியை வெட்டினான். ஓர் உயிரும் அங்கே துடிக்கவில்லை. எனினும் கொல்லும் எண்ணம் உண்மை. அவ்வெண்ணத்தின் பயனாகத் தாயும் மகனும் மயிலும் நாயுமாகத் தொடங்கி, விலங்குப் பிறவிகள் பலவற்றில் உழன்றனர்.

அக்காவியத்திலும் நஞ்சிடும் மருமகள் உண்டு. கணவனுக்கும் மாமிக்கும் நஞ்சிட்ட அமிர்தமதியே அவள். ஆயினும் காவியம் நம்மை அவள்மேல் பல்லைக் கடிக்க வைப்பதில்லை. வெட்டியவன் கையிலிருந்த எண்ணத்தை நோக்கியே நம் பார்வையைத் திருப்புகிறது. திரையில் தோன்றும் தீயவள் நமக்கு வாய்த்த மாக்கோழி. நாங்கள் இருவரும் அன்று அவளை வெட்டினோம்.

சமந்தபத்திரர் இல்லறத்தார்க்கு வகுத்த நெறியில், பயனின்றிச் செய்யும் தீங்குகளாக ஐந்தினைக் கூறுகிறார். பகையினாலோ பற்றினாலோ பிறர்க்குக் கேடு நினைத்தலும், உள்ளத்தைக் கலக்கும் கதைகளைக் கேட்டலும் அவற்றுள் அடங்கும். தொலைக்காட்சி தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட அவ்விரண்டும் இன்று ஒரே அரைமணியில் சேர்ந்து வருகின்றன.

யார் பொறுப்பு?

இவ்வளவும் எழுதிய பிறகு முதியோரை மட்டும் குறை கூறுவது நேர்மையாகாது. பகல்நேரத் தொடரைப் பார்ப்பவர் யார்? கொழுந்து பறிக்கும் பெண்கள் அந்நேரம் மழையில் சரிவிலே நிற்கிறார்கள். அலுவலகம் செல்வோர் அலுவலகத்திலும் பிள்ளைகள் பள்ளியிலும் இருக்கிறார்கள். வீட்டில் எஞ்சியவர்கள் முதியவர்களும் நோயாளிகளும் தனித்திருப்போருமே. அவர்களோடு பேச நமக்கு நேரமில்லை. பேசும் பெட்டி ஒன்றை முன்னால் வைத்துவிட்டு, நிம்மதியாகப் புறப்படுகிறோம். அப்படியாயின், செய்வித்தல் என்னும் இரண்டாவது வகையில் நமக்கும் பங்கு உண்டு அல்லவா? தமக்கையார் கணவரை இழந்து பதினோராண்டுகள் ஆகின்றன. தொடரில் வரும் குடும்பங்களை அவர் நாள்தோறும் சந்திக்கிறார். நானோ ஆண்டுக்கு ஒருமுறை வருகிறேன்.

ஆகவே பெட்டியை உடைத்தெறிவது தீர்வன்று. நுகர்பொருளுக்கு அளவு வகுத்துக்கொள்ளும் நோன்பு நம்மிடையே உண்டு. உணவுக்கும் உடைக்கும் வகுக்கும் அளவைப் பார்வைக்கும் வகுக்கலாம். எத்தனை தொடர், எத்தனை நாழிகை என்பதை அவரவரே தீர்மானித்துக்கொள்வது நலம். குறைத்த நேரத்தை வீட்டார் தம் பேச்சினால் நிரப்ப வேண்டும். இது இரண்டாவது கடமை, முதலாவதைவிடக் கடினமானது.

இதனை நான் தமக்கையாரிடம் உரையாகச் சொல்லவில்லை. மாக்கோழிக் கதையை மட்டும் நினைவூட்டினேன். அக்கதையைச் சிறுவயதில் வந்தவாசிப் பக்கத்து எங்கள் ஊரில் எனக்குச் சொன்னவரே அவர்தாம். சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, "மூன்று எனக்கு அதிகம்தான் தம்பி. ஆனால் நீ ஊருக்குப் போய்விட்டால் மீதி நேரத்துக்கு யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டார். என்னிடம் விடை இல்லை. இப்போது நாள்தோறும் பிற்பகல் இரண்டு மணிக்கு அவரோடு தொலைபேசியில் பேசுகிறேன்.

நான் புறப்படுவதற்கு முந்திய நாள் அத்தொடரை இருவரும் பார்த்தோம். நஞ்சு கலந்தவள் மீண்டும் திரையில் தோன்றினாள். தமக்கையார் ஏதோ சொல்ல வாயெடுத்தார்; நிறுத்திக்கொண்டார். பின்பு, "அவளுக்கும் நல்ல புத்தி வரட்டும்" என்றார்.

அன்று எங்கள் வீட்டில் அக்கருவி இருந்திருந்தால், முதல்நாள் பதிந்ததையே அன்றும் பதிந்திருக்கும்: அதே தொடர், அதே நேரம், பார்த்தவர் இருவர். மாறியது என்னவோ அதைப் பதியும் கணக்கு நம் ஒவ்வொருவரிடமும் உள்ளது. அதில் மாதிரி இல்லங்கள் என்று தனியே இல்லை. எல்லா இல்லங்களும் உண்டு.