வண்டியில் வைத்த அடைக்கலம்

ஒருவர் தம் பெட்டிகளை வாடகைக் காரில் வைத்துவிட்டு, வழியிலுள்ள ஓரிடத்தைக் காணச் செல்கின்றார்; ஒரு மணி நேரங் கழித்துத் திரும்புகின்றார். அந்த ஒரு மணி நேரமும் அப்பெட்டிகளுக்குக் காவலர் யார்? ஓட்டுநரா, உடையவரா, வெறும் பூட்டா? அறநூலில் இடம்பெறும் அளவுக்கு இது பெரிய வினாவன்று என்று அன்பர்கள் எண்ணலாம். சென்ற ஆண்டு மாசி மாதம் வரை நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன்.

திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்குச் செல்லும் சாலை ஏறத்தாழ 90 கிலோமீட்டர் நீளமுடையது. பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை ஆகிய ஊர்களைக் கடந்து களியக்காவிளையில் அது தமிழ்நாட்டுக்குள் புகுகின்றது. காலையில் தங்கும் விடுதி அறையைக் காலி செய்து, சாமான்கள் அனைத்தையும் காரில் ஏற்றி, வழியில் மூன்று நான்கு இடங்களைப் பார்த்துவிட்டு, மாலையில் குமரியை அடைவதே இவ்வழிச் செல்வோர் பலரின் வழக்கம். ஆகவே பெட்டிகள் நாள் முழுதும் காரிலேயே கிடக்கும். போதாக்குறைக்கு, கேரளத்துக் கோயில்களிற் பெரும்பாலானவற்றில் ஆடவர் மேற்சட்டையைக் களைந்தே உட்புகல் வேண்டும். சட்டைப்பையில் இருக்கும் பணமும் கைப்பேசியுங்கூடக் காரிற்றான் தங்கும்.

நான், என் மனைவி, அவளுடைய தமக்கையார் ஆகிய மூவரும் அவ்வாறே புறப்பட்டோம். ஓட்டுநர் நடுவயதினர், பாறசாலையை அடுத்த சிற்றூரைச் சேர்ந்தவர். 1956 நவம்பர் முதல் நாள் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீசுவரம் ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபொழுது, நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றுவிட்டதை நாம் அறிவோம். எல்லைக்கோடு வீழ்ந்ததே ஒழிய, மக்களின் நாக்கு அதனைப் பொருட்படுத்தவில்லை. அவர் எங்களோடு தமிழிலும், தொலைபேசியில் மலையாளத்திலும், சில வேளைகளில் இரண்டும் கலந்தும் பேசினார். வழியிலேயே தம் வீடு இருப்பதாகவும், மதியம் அங்கு இறங்கிச் சாயா குடித்துவிட்டுப் போகலாம் என்றும் காலையிலேயே அழைத்திருந்தார். நாங்களும் மகிழ்ச்சியோடு இசைந்தோம்.

நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணசாமி கோயிலின் வளாகத்தில் ‘அம்மச்சிப் பிலாவு’ என்னும் பழம் பலாமரத்தின் அடிப்பகுதி காக்கப்பட்டு வருகின்றது. மார்த்தாண்டவர்மர் தம்மைக் கொல்லத் துரத்திய பகைவர்க்கு அஞ்சி அம்மரத்தின் பொந்தில் ஒளிந்து உயிர் பிழைத்தார் என்பது வரலாற்றுச் செவிவழி. அண்ணியார் அதனைக் காண விரும்பினார். நாங்கள் இறங்கியபொழுது ஓட்டுநர் டிக்கியைத் திறந்து, “சாரே, சாதனம் நாலு உண்டு. எண்ணிப் பார்த்துக்கிட்டுப் போங்க” என்றார். நான் திரும்பியும் பாராமல், “இருக்கட்டும், இருக்கட்டும்” என்று கையசைத்துவிட்டுச் சென்றேன். அதனைப் பெருந்தன்மை என்று அப்பொழுது நினைத்துக்கொண்டேன். திரும்பி வந்தபொழுது கார் பூட்டியிருந்தது. அவர் எதிர்ப்புறத் தேநீர்க்கடையிலிருந்து விரைந்து வந்து கதவைத் திறந்தார்.

அங்கிருந்து சில கிலோமீட்டர் விலகிச் சென்றால் நெய்யாற்றின் கரையில் அருவிப்புறம். 1888-ஆம் ஆண்டு சிவராத்திரியன்று நாராயணகுரு ஆற்றிலிருந்து ஒரு கல்லை எடுத்து நிறுவிய தலம் அதுவே. பிறப்பினால் விலக்கப்பட்ட ஒருவர் தெய்வத்தை நிறுவுவதா என்று நாடே அதிர்ந்தது. சாதிபேதமற்ற வாழ்வுக்கு அவ்விடம் எடுத்துக்காட்டாக விளங்கல் வேண்டும் என்னும் கருத்தமைந்த வாசகம் அங்கே பொறிக்கப்பட்டுள்ளது. அதனை நான் நின்று படித்துக்கொண்டிருந்தபொழுதுதான் அண்ணியார் பதற்றத்தோடு வந்தார். அவருடைய சிறு கைப்பை டிக்கியில் இல்லை. இரண்டு வளையல்கள் அதனுள் இருந்தன.

என் மனத்தில் முதலில் எழுந்தது ஒரு கணக்கு. நெய்யாற்றின்கரையில் நாங்கள் இல்லாத நேரம் இவ்வளவு, சாவி அவரிடம், தேநீர்க்கடைக்குச் சென்றதாகக் கூறுகின்றார். அவர் எச்சாதியினர் என்று நான் கேட்டதில்லை. கேளாமலே அவருடைய நிறம், சட்டையின் கிழிசல், வறுமை ஆகிய அனைத்தையும் என் மனம் அக்கணக்கிற் சேர்த்துக்கொண்டது. கண்கள் அவ்வாசகத்தின்மீதே இருந்தன.

வாய்திறந்து குற்றஞ் சாட்டினேனல்லேன். “நடுவில் டிக்கியைத் திறக்க நேர்ந்ததா?” என்று மட்டுமே வினவினேன். அவருக்கு அதுவே போதுமாயிருந்தது. ஒன்றும் பேசாமல் பெட்டிகள் அனைத்தையும் இறக்கித் தரையில் வைத்தார். விரிப்பைத் தூக்கிக் காட்டினார். மாற்றுச் சக்கரத்தை எடுத்துக் காட்டினார். பின்னர், எவரும் கேளாமலே, தம் இருக்கைக்கடியிற் கிடந்த பையை எடுத்துத் தலைகீழாகக் கொட்டினார். சோற்றுப் பாத்திரம், ஒரு கைலி, மருந்துச் சீட்டு ஒன்று ஆகியவை விழுந்தன. ‘வேண்டாம்’ என்று தடுக்க எனக்கு நாவெழவில்லை. தடுக்க விரும்பாத ஒரு பகுதியும் என்னுள் இருந்தது என்பதை மறைத்தல் தகாது.

இந்நிலையிற் சட்டம் கூறுவது என்ன? 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 148-ஆம் பிரிவு, திருப்பித் தரவேண்டும் என்னும் உடன்பாட்டோடு பொருளை ஒப்படைத்தலை வரையறுக்கின்றது. ஏற்றவர் தம் சொந்தப் பொருளிடத்து இயல்பான விவேகமுடையவர் காட்டும் கவனத்தைக் காட்டல் வேண்டும் என்பது 151-ஆம் பிரிவு. தில்லி விடுதியொன்றின் காவலில் விட்ட கார் களவுபோன வழக்கில், ‘உடையவரே பொறுப்பு’ என்று சீட்டில் அச்சிட்டுவிட்டதனாலேயே விடுதியார் தம் கவனக்குறைவினின்று தப்ப முடியாது என்று உச்சநீதிமன்றம் 2019-இல் கூறியது. ரயில்வேயோ சற்றுக் கறாரானது. சாமானைப் பதிவுசெய்து ரசீது பெற்றாலன்றி, தன் ஊழியரின் கவனக்குறைவு மெய்ப்பிக்கப்பட்டாலன்றி, பொறுப்பேற்பதில்லை என்பது 1989-ஆம் ஆண்டுச் சட்டம். வாடகைக் காரில் ரசீது ஏது? ஓட்டுநர், “எண்ணிப் பார்த்துக்கிட்டுப் போங்க” என்று சொன்ன சொல்தான் அவர் எனக்கு நீட்டிய ரசீது. அதனை வாங்காமற் சென்றவன் நானே.

ஒப்பந்தச் சட்டத்தின் 150-ஆம் பிரிவைப் பலர் கவனிப்பதில்லை. ஒப்படைப்பவர்க்கும் கடமையுண்டு என்கின்றது அது. பொருளில் தீங்கு விளைக்கத்தக்க குறை ஏதேனும் இருப்பதை அறிந்தால் அவர் கூறிவிடல் வேண்டும். அமரவிளையில் கலால் சோதனைச் சாவடி உள்ள இந்த எல்லைச் சாலையில் இதன் பொருள் நன்கு விளங்கும். பயணியின் பெட்டிக்குள் இருக்கக்கூடாதது ஒன்று இருப்பின், முதலில் நிறுத்தி வினவப்படுபவர் ஓட்டுநர். அப்பெட்டிக்குள் என்ன இருக்கின்றது என்பது அவருக்குத் தெரியாது. அறியாமலே அதனைச் சுமக்கின்றார்.

விநயபிடகம் இதனினும் நுட்பமாக ஆராய்கின்றது. ஒருவர் ஒப்படைத்த பொருளை ‘உபநிதி’ என்று அது வழங்கும். உடையவர் வந்து கேட்கும்பொழுது, கவரும் எண்ணத்தோடு ‘நான் வாங்கவேயில்லை’ என்று கூறும் பிக்குவுக்கு அப்பொழுது துக்கடம் என்னும் சிறு குற்றம். உடையவர் மனத்தில் ஐயம் எழுந்தால் துல்லச்சயம் என்னும் பெருங்குற்றம். ‘இனி இவர் தரமாட்டார்’ என்று அவர் நம்பிக்கையைக் கைவிட்ட கணத்தில் பாராஜிகம். அப்பிக்கு சங்கத்தினின்று வீழ்ந்தவராவார். பொருள் இருந்த இடத்திலேயே இருக்கின்றது. நகர்ந்தது உடையவரின் நம்பிக்கையே. களவை நம்பிக்கையின் முறிவைக்கொண்டு அளந்த இந்நுட்பத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஆயின் நம்பிக்கை மறுபுறத்திலும் முறியுமன்றோ? இதற்கும் விநயத்திலேயே ஒரு கதை உண்டு. பார்ப்பனர் ஒருவர் அசிரவதி ஆற்றில் நீராடுகையில் 500 காசுள்ள பையைக் கரையில் வைத்து, மறந்து போய்விட்டார். ஒரு பிக்கு, அது தொலையாதிருக்கட்டும் என்று எடுத்து வைத்திருந்து, அவர் ஓடிவந்து கேட்டதும் கொடுத்தார். அதற்குரிய வெகுமதியைத் தவிர்க்க விரும்பிய அவரோ, ‘என் பையில் இருந்தது 500 அன்று, 1000’ என்று கூறிப் பிக்குவைத் தடுத்து நிறுத்தினார். பிறர் விலைப்பொருளைப் பிக்குகள் தொடவேண்டா என்னும் விதி இதன்பின் பிறந்தது. பின்னர் விசாகை அம்மையார் தம் அணிகலனை விகாரையில் மறந்து சென்றதையொட்டி அவ்விதி தளர்ந்தது. விகாரைக்குள் கிடப்பதை, ‘உடையவர் வந்து பெற்றுக்கொள்வார்’ என்று எடுத்து வைக்கலாம் என்றாயிற்று. நல்லெண்ணத்தோடு காத்தவரை ஐயுற்றால், அடுத்த முறை எவரும் காக்க முன்வரார் என்பது 500 காசுக்குக் கிடைத்த விடை. ஒரு பொய்யால் உலகிலே காவல் ஒன்று குறைந்தது.

நான் அப்பார்ப்பனரைப் போலப் பொய்யுரைக்கவில்லை என்று ஆறுதல் அடையலாமா? இரண்டாம் சீலமாகிய அதின்னாதானம் நிறைவுற ஐந்து உறுப்புக்கள் வேண்டும் என்பர் உரையாசிரியர். பொருள் பிறருடையதாதல், பிறருடையதென அறிதல், திருடும் எண்ணம், முயற்சி, கவர்தல் என்பன அவை. இவற்றுள் ஒன்றேனும் அவரிடத்து உண்டென்பதற்கு என்னிடம் சான்றில்லை. இருந்தது வாய்ப்பு மட்டுமே. வாய்ப்பு அவ்வைந்தில் ஒன்றன்று. நான்கு அகதிகளை, அஃதாவது மனிதன் நெறிதவறும் நான்கு வழிகளை, சிகாலனுக்குப் பகவன் உரைத்தார்: விருப்பு, வெறுப்பு, மயக்கம், அச்சம். அவர்மீது எனக்கு வெறுப்பில்லை. அச்சமும் மயக்கமும் இருந்தன. வளையல் போய்விட்டதே என்பது அச்சம். ஏழையின் கையே எடுத்திருக்கும் என்பது மயக்கம்.

இவ்விதழைப் படிக்கும் நமக்கு இம்மயக்கம் புதியதன்று. நம்மீது பிறர் செலுத்தியதை நாம் நன்கறிவோம். பிறப்பினாலேயே கூட்டங்கூட்டமாக மக்களைக் குற்றவாளிகள் என்று எழுதிவைத்த 1871-ஆம் ஆண்டுச் சட்டம் நாடு முழுதும் நீங்கியது 1952-இற்றான். நெய்யாற்றின்கரை வட்டத்து வெங்ஙானூரில் பிறந்த அய்யங்காளி, 1893-இல் பொதுச்சாலையில் வில்வண்டியேறிச் சென்றார். அதுகாறும் வண்டியேறும் உரிமையே மறுக்கப்பட்டிருந்தது. அவர் வண்டி ஓடிய அவ்வட்டத்திற்றான், ஒரு வண்டியோட்டியைத் தம் பையைக் கொட்டிக்காட்டும்படி செய்துவிட்டேன். சந்தேகிக்கப்பட்டோர் வழிவந்தவர் என்பது பிறரைச் சந்தேகிக்காதிருக்கும் தகுதியைத் தானே தந்துவிடும் என்று நம்பியிருந்தேன். தருவதில்லை.

தமிழில் ‘அடைக்கலம்’ என்னும் ஒரே சொல் ஒப்படைத்த பொருளையும் குறிக்கும், புகல்புகுந்த உயிரையும் குறிக்கும். சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கண்ணகியை ஆய்ச்சியாகிய மாதரியிடம் ஒப்படைப்பது அடைக்கலக் காதை. தன் அடைக்கலத்தைக் காக்கவியலாமற் போயிற்றே என்று மாதரி பின்னர்த் தீயில் வீழ்ந்தாள். அதே காப்பியத்திற்றான், பொற்கொல்லன் சொல்லை ஆராயாது நம்பிய பாண்டியன் கோவலனைக் கொல்வித்தான். ஏற்றதைக் காப்பதில் ஓர் ஏழை ஆய்ச்சி அவ்வளவு உறுதியாக நின்றாள். ஐயுற்றதை ஆராய்வதில் அரசனுக்கு ஒரு நாழிகைப் பொறுமை இல்லை. இரண்டும் ஒரே மதுரையில், அடுத்தடுத்து நிகழ்ந்தவை.

இதனால், பொருளைக் கண்ட இடத்தில் விட்டுவிட்டு நம்பிக்கை என்று பேசுதல் வேண்டும் என்பது என் கருத்தன்று. பொன்னும் பணமும் மருந்தும் உடையவரின் உடலோடு இருத்தல் நலம். எஞ்சியவற்றை ஓட்டுநர் முன்னிலையில் எண்ணிச் சொல்லி வைப்பதே மரியாதை. எண்ணுவதை இழிவு என்று கருதிக் கையசைத்துச் செல்வது பெருந்தன்மையன்று. பின்னர் எழும் ஐயத்துக்கு அப்பொழுதே இடம் விட்டுச் செல்வதாகும். எண்ணி வைத்திருந்தேனாயின், விடுதியை விட்டுப் புறப்படும்பொழுதே சாமான் நான்குதான், ஐந்தன்று என்பது எங்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஆம், நான்குதான். என் மனைவி விடுதிக்குத் தொலைபேசியிற் பேசினாள். கைப்பை அறையின் அலமாரியிலேயே இருந்தது. அதனைக் கண்டெடுத்த பணிப்பெண் அலுவலகத்தில் ஒப்படைத்திருந்தாள்.

திருவனந்தபுரத்துக்குத் திரும்பி, மீண்டும் புறப்பட்டோம். நான் மன்னிப்புக் கேட்டேன். “அதுக்கு என்ன சாரே” என்றார், அதற்குமேல் பேச்சில்லை. பாறசாலையை நெருங்கியபொழுது, எந்தத் திருப்பத்தில் அவர் வீடு என்று இருமருங்கும் பார்த்துக்கொண்டே இருந்தேன். கார் வேகங் குறையாமற் சென்றது, களியக்காவிளையும் வந்துவிட்டது. சாயாவைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பத்மநாபபுரம் அரண்மனை அதற்குள் மூடியிருந்தது. தமிழ்நாட்டு மண்ணில் நின்றுகொண்டு கேரள அரசின் காவலில் இருக்கும் அவ்வரண்மனையை வேறொரு நாள் பார்க்கலாம் என்று அண்ணியார் சொன்னார்.

குமரியில் இறங்கியபொழுது இருட்டிவிட்டது. அதிகப்படியாக ஓடிய தூரத்துக்குரிய வாடகையைக் கணக்கிட்டு வாங்கிக்கொண்டார்; அதற்குமேல் நான் நீட்டியதை வாங்கவில்லை. டிக்கியைத் திறந்து, ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்து, உரக்க எண்ணினார். “அஞ்சு, சாரே. பார்த்துக்கிடுங்க.” இம்முறை நான் குனிந்து ஒன்று முதல் ஐந்து வரை எண்ணினேன். எண்ணி முடிக்கும் வரை அவர் காத்து நின்றார்.