வேண்டாம் என்றால் வேண்டாமா?

திருக்குறளில் ஒன்பதாவது அதிகாரம் விருந்தோம்பல். தொண்ணூற்றைந்தாவது அதிகாரம் மருந்து. முன்னது வீட்டுக்கு வந்தவரை எப்படி உபசரிக்க வேண்டும் என்கிறது. பின்னது, முன்பு உண்டது செரித்ததா என்று பார்த்த பிறகே அடுத்ததை உண்ணச் சொல்கிறது. பசியின் அளவு தெரியாமல் உண்பவனை நோய் வந்து சேரும் என்றும் எச்சரிக்கிறது. இரண்டையும் பள்ளியில் மனப்பாடம் செய்திருக்கிறோம். தொண்ணூற்றைந்தாம் அதிகாரத்தின்படி நடக்கும் ஒருவர், ஒன்பதாம் அதிகாரத்தின்படி நடக்கும் ஒரு வீட்டுக்கு மாலை நாலு மணிக்குப் போனால் என்ன ஆகும்?

தஞ்சாவூர்ப் பக்கம் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு கல்யாணத்துக்கு ஊருக்குப் போனால் மறுநாள் நாலைந்து உறவினர் வீடுகளில் தலைகாட்ட வேண்டும். முதல் வீட்டில் டிகிரி காபியும் தட்டையும். இரண்டாவதில் காபியும் முறுக்கும். மூன்றாவது வீடு திருவையாற்றில் என்றால் அசோகா இல்லாமல் விடமாட்டார்கள். "இப்பதான் சித்தி சாப்பிட்டேன்" என்றால், "அங்க சாப்பிட்டா இங்க சாப்பிடக் கூடாதா?" என்று கேள்வி வரும். "ஒரே ஒரு வாய்" என்பார்கள். அதற்கும் தலையாட்டினால் குரல் மாறும்: "ஏன்ப்பா, எங்க வீட்ல கை நனைக்கக் கூடாதுன்னு ஏதாவது இருக்கா?"

அந்தக் கடைசிக் கேள்வியோடு தட்டை தின்பண்டமாக இருப்பதை நிறுத்திவிடுகிறது. கை நனைப்பது என்றால் நம்மிடையே உறவை ஏற்பது. பெண் பார்க்கப் போன இடத்தில் பேச்சு முடியும்வரை கை நனைக்காத குடும்பங்கள் இருக்கின்றன. மனஸ்தாபம் தீர்ந்ததற்கு அடையாளமாகக் கை நனைத்துவிட்டு வருபவர்களும் இருக்கிறார்கள். பிரெஞ்சு மானுடவியலாளர் மார்செல் மோஸ் 1925ல் கொடையைப் பற்றி எழுதிய நூலில் மூன்று கடமைகளைச் சொல்கிறார்: கொடுப்பது, பெற்றுக்கொள்வது, திருப்பிக் கொடுப்பது. பெற்றுக்கொள்ள மறுப்பது பல சமூகங்களில் பகை அறிவிப்புக்குச் சமம் என்கிறார். நம் சித்திகள் மோஸைப் படித்ததில்லை. ஆனால் அவர் சொன்ன விஷயம் அவர்களுக்கு அத்துபடி.

நான் மென்பொருள் வேலையில் இருப்பவன். இரண்டு கணினிகள் பேசிக்கொள்ள வேண்டுமானால், எந்தச் செய்திக்கு என்ன பொருள் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். நம் உபசாரத்திலும் அப்படி ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. முதல் 'வேண்டாம்' மரியாதைக்குச் சொல்வது. இரண்டாவது கூச்சத்தால் சொல்வது. இரண்டையும் கணக்கில் எடுக்காமல் மூன்றாவது தடவை தட்டில் வைத்துவிட வேண்டும். இதில் ஒரு குறை: உண்மையாகவே வேண்டாதவருக்கு இந்த ஒப்பந்தத்தில் ஒரு சொல்கூடக் கிடையாது. நாலாவது முறை அவர் சொல்லும் 'வேண்டாம்' மறுப்பாகக் கேட்பதில்லை, கோபமாகக் கேட்கிறது.

இந்த ஒப்பந்தம் முட்டாள்தனத்தால் உண்டானதல்ல. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்பது ஒரு பெரிய வாக்குறுதியாக இருக்க முடிந்தது. அரிசி அவ்வளவு அரிதாக இருந்த காலம். நெற்களஞ்சியம் என்று பெயர் வாங்கிய தஞ்சையிலும் நெல்லை நட்டு, களையெடுத்து, அறுத்தவர்கள் வீட்டில் குதிர் நிறைந்திருக்கவில்லை. பசியோடு வந்தவர் பசி என்று வாய் திறந்து சொல்லமாட்டார். அவருடைய 'வேண்டாம்' என்ற சொல்லை நம்பிவிடுவதுதான் அன்று கொடுமையாக இருந்திருக்கும். வற்புறுத்துவது அவருடைய மானத்தைக் காப்பாற்றி வயிற்றையும் நிரப்பும் வழி. இரண்டு சாப்பாட்டுக்கு நடுவில் தின்பதற்கும் அப்போது ஒரு கணக்கு இருந்தது. விடியற்காலையில் சேற்றில் இறங்கிய நடவு ஆட்களுக்குப் பதினோரு மணிக்கு வரப்பில் வரும் டீயும் வடையும் இன்றும் கூலியின் ஒரு பகுதியாகவே கருதப்படுகின்றன. அதை யாரும் நொறுக்குத்தீனி என்று சொல்லமாட்டார்கள்.

2011 ஜூனிலிருந்து தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. 2023ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது; இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள். ஒரே தலைமுறைக்குள் பயத்தின் திசை மாறிவிட்டது. உபசாரத்தின் ஒப்பந்தம் மட்டும் பழையபடியே இருக்கிறது. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் என்னைப் போன்றவனுக்கும், நாற்று நட்டுவிட்டுக் கரையேறியவருக்கும் ஒரே தட்டு, ஒரே வற்புறுத்தல்.

எந்த மறுப்புகள் செல்லுபடியாகின்றன என்று கவனித்தால் ஒன்று புரியும். விரதம் என்றால் விட்டுவிடுவார்கள். மாலை போட்டிருக்கிறேன் என்றால் மரியாதைகூடக் கிடைக்கும். இந்த மண்ணுக்கு இது புதிதல்ல. ராஜராஜன் காலத்தில் நாகப்பட்டினத்தில் எழுந்த சூடாமணி விகாரத்தின் பிக்குகளுக்கு நடுப்பகல் தாண்டினால் உணவில்லை என்பது விதி. மன்னார்குடியில் மல்லிநாதர் கோயிலைச் சுற்றி வாழும் சமணர்களில் பொழுது சாய்ந்தபின் சாப்பிடாதவர்கள் உண்டு. அவர்கள் மறுத்தால் யாரும் புண்படுவதில்லை. ஏனென்றால் காரணம் கொடுப்பவரிடமும் இல்லை, பெறுபவரிடமும் இல்லை. இருவருக்கும் வெளியே ஒரு விதியில் இருக்கிறது. இன்றைக்கு அந்த இடத்தில் சுகர் உட்கார்ந்திருக்கிறது. "எனக்கு சுகர் இருக்கு" என்றால் ஓரளவு தப்பிக்கலாம். அதற்கும் "ஒண்ணு தின்னா ஒண்ணும் ஆகாது, ராத்திரி மாத்திரை போட்டுக்க" என்று பதில் வைத்திருப்பவர்கள் உண்டு. சுகர் இல்லாதவர்களும் இருப்பதாகச் சொல்லித் தப்பிப்பதைப் பார்த்திருக்கிறேன். கடவுளோ வியாதியோ சொன்னால் ஏற்போம், 'எனக்குப் பசிக்கவில்லை' என்று ஒரு மனிதர் சொன்னால் ஏற்கமாட்டோம் என்பது கொஞ்சம் விசித்திரமான நிலைதான்.

அதனால் 'என் உடம்பு, என் இஷ்டம்' என்று முடித்துவிடலாமா? முடியாது என்று நினைக்கிறேன். அதற்குக் காரணம் சாதி. டெல்டா கிராமங்களில் ஊர்த்தெருவிலிருந்து காலனிக்குப் போகிறவர் அங்கே தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் திரும்புவது தலைமுறை தலைமுறையாக ஒரு செய்தியாகவே இருந்தது. டீக்கடைகளில் தனிக் குவளை இருந்ததும் அதே செய்திதான். ஊர்த்தெருவில் பிறந்த நான் அங்கே ஒரு வீட்டில் 'வேண்டாம்' என்று சொன்னால், அந்தச் சொல்லை நான் மட்டும் சொல்வதில்லை; எனக்கு முன்னால் அந்த வாசலில் நின்றுவிட்டுத் திரும்பிய எல்லோரும் சேர்ந்து சொல்கிறார்கள். "இப்பதான் சாப்பிட்டேன்" என்பது உண்மையாகவே இருக்கலாம். உண்மையாக இருப்பது மட்டும் அங்கே போதாது. சித்தி வீட்டில் மறுப்பதற்கு எனக்கு இருக்கும் உரிமை அந்த வீட்டில் அதே அளவில் இல்லை. அங்கே டீயை வாங்கிக் குடிக்க வேண்டும். சுகர் இருந்தால், கேட்பதற்கு முன்பே நானாக "தண்ணி குடுங்க" என்று கேட்டு வாங்கிக் குடிக்க வேண்டும்.

'தண்ணி குடுங்க' என்ற இந்த வழி மற்ற வீடுகளுக்கும் பொருந்தும் என்று தோன்றுகிறது. மறுப்பவர் கதவைச் சாத்துகிறார். கேட்பவர் உள்ளே வருகிறார். "அத்தை, பலகாரம் வேண்டாம், ஒரு டம்ளர் மோர் இருந்தா குடுங்க" என்றால் கை நனைந்துவிடுகிறது, வயிறும் தப்பிக்கிறது. இதில் இன்னொரு நியாயமும் உண்டு. கூடத்தில் உட்கார்ந்து "சாப்பிட்டே ஆகணும்" என்று அதட்டுபவர் பெரும்பாலும் மாமா. அடுப்பைப் பற்றவைத்து எண்ணெய்ச் சட்டியை ஏற்றுவது அத்தை. வற்புறுத்துபவர் ஒருவர், உழைப்பவர் வேறொருவர் என்னும்போது, மறுப்பதால் புண்படுவது யாருடைய மனம், மிச்சமாவது யாருடைய உழைப்பு என்று கேட்டுப்பார்க்கலாம். அதே சமயம், அத்தை விடியலில் எழுந்து சுட்ட முறுக்கு என்றால் அதில் ஒன்றை எடுத்துக் கடித்து 'நன்றாக இருக்கிறது' என்று சொல்வது பசியைச் சேர்ந்த விஷயமல்ல. அந்த உழைப்பைப் பார்த்தேன் என்று சொல்வது அது.

இது விருந்தாளி தரப்பு. விருந்து கொடுப்பவர் தரப்புக்கு, தஞ்சையே ஒரு முன்மாதிரி வைத்திருக்கிறது. 1799 உடன்படிக்கையில் ஆட்சி கம்பெனியின் கைக்குப் போனபிறகு, ராமேஸ்வரம் சாலையில் தன் முன்னோர் நிறுவிய சத்திரங்களின் நிலை என்னவாகும் என்ற கவலையில் இரண்டாம் சரபோஜி 1801ல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தச் சத்திரங்கள் எப்படி நடந்தன என்று அதில் விவரிக்கிறார். எல்லாச் சாதி வழிப்போக்கருக்கும் சோறு உண்டு. சமைத்த சோறு வேண்டாம் என்பவருக்கு அரிசியாகவே கொடுக்கப்படும். வழியில் நோயுற்றவருக்கு மருந்தும் அவர் உடம்புக்கு ஏற்ற உணவும். நள்ளிரவில் ஒரு மணி அடித்து, இதுவரை சாப்பிடாதவர் யாராவது இருந்தால் வரலாம் என்று அறிவிப்பார்கள்.

அரசர் தன் அறத்தைக் காப்பாற்ற எழுதிய கடிதம்; கொஞ்சம் மெருகு இருக்கத்தான் செய்யும். ஆனாலும் அவர் எதைப் பெருமையாக நினைத்தார் என்பது முக்கியம். வேண்டாம் என்பவருக்கு மாற்று இருந்தது என்பதும், நோயாளிக்கு ஏற்றபடி உணவு மாறியது என்பதும் அந்தப் பெருமையில் அடங்கும். விருந்து என்ற சொல்லுக்கே பழந்தமிழில் புதுமை என்று பொருள். விருந்தினர் என்றால் புதிதாக வந்தவர், வழி நடந்து களைத்தவர். வள்ளுவரும் ஒன்பதாம் அதிகாரத்தின் கடைசிக் குறளில் வந்தவரை அனிச்ச மலரோடு ஒப்பிடுகிறார். நம் முகம் கொஞ்சம் மாறினாலே வாடிவிடுகிறவர் என்கிறார். அவர் பேசுவது முகத்தைப் பற்றித்தான், இலையில் எத்தனை வைத்தோம் என்பதைப் பற்றி அல்ல. பசிக்கவில்லை என்று சொன்னவர் முன்னால் நம் முகம் சுருங்கினாலும் அந்தப் பூ வாடத்தான் செய்யும்.

ஐந்தாவது வீட்டில் நாலாவது காபியோடு உட்கார்ந்திருப்பவரிடம் இன்னொரு தட்டையை நீட்டுவதைவிட, அந்த நள்ளிரவு மணி கடினமான வேலை. இதுவரை யார் சாப்பிடவில்லை என்று அது தேடுகிறது. கல்யாண வீட்டில் பந்தி முடிந்தபின் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பவரிடம் "நீங்க சாப்பிட்டீங்களா?" என்று யாராவது ஒருவர் கேட்கிறாரே, ஒன்பதாம் அதிகாரம் அங்கேதான் இருக்கிறது.