வாணிகமும் வாய்மையும்

வாணிகத்தில் பொய் கூறலாகாது என்பதை மறுப்பார் இலர். ஆயின், பொய் கூறாதிருந்தால் மட்டும் போதுமா என்று வினவினால் நம்முள் பலரும் சற்றே தயங்குவோம். கேட்டவரிடம் மெய்யுரைத்து, கேளாதவரிடம் குறையை மறைத்துவிடுவது நேர்மையாகுமா? இவ்வினாவிற்குக் கிறித்தவ மறை தரும் விடையை, மும்பைத் தமிழராகிய நாம் நம் வாழ்விடத்தோடு பொருத்திக் காண்பது பயனுடையது.

தாராவியின் வரலாற்றில் தோல் தொழிலுக்குத் தனியிடம் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதலே திருநெல்வேலிச் சீமையினின்று வந்த உழைப்பாளர் பலர் இங்குத் தோல் பதனிட்டனர். அவருள் கிறித்தவரும் இருந்தனர். பதனிடும் தொட்டிகள் பெரும்பாலும் மறைந்துவிட்டன; எனினும் பையும் இடைவாரும் தைக்கும் பட்டறைகள் இன்றும் உள்ளன. இயேசுவின் சீடராகிய பேதுரு யோப்பா பட்டினத்தில் பல நாள் தங்கியது தோல் பதனிடும் சீமோன் என்பாரின் இல்லத்தில்தான். பவுல் கொரிந்து நகரில் கூடாரம் செய்து பிழைத்தார். எனவே பட்டறையும் கூலியும் அம்மறைக்கு அயலானவை அல்ல.

தோல் ஒன்றில் தழும்பு இருக்கிறது. மெருகேற்றினால் அது மறைந்துவிடும். வாங்குபவர் வினவவில்லை, விற்பவரும் உரைக்கவில்லை. இஃது ஏமாற்றா? 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தாமஸ் அக்வினாஸ் என்னும் இறையியலார் இத்தகைய வினாவை ஆராய்ந்தார். குறை வெளிப்படையாகத் தெரிந்து, விலையும் அதற்கேற்பக் குறைக்கப்பட்டிருந்தால் விற்பவர் அதனை எடுத்துரைக்கக் கடமைப்பட்டவர் அல்லர். மறைந்துள்ள குறையால் வாங்குபவருக்கு இழப்போ இடரோ நேருமாயின் உரைத்தே ஆகவேண்டும் என்பது அவர் முடிபு.

கூலியின் செய்தியோ இதனினும் கடினமானது. ஏழைக் கூலியாளின் கூலியைக் கதிரவன் மறையுமுன் கொடுத்துவிட வேண்டும் என்பது பழைய ஏற்பாட்டின் கட்டளை. பட்டறை உடையவரைக் கேட்டால், சரக்கு வாங்கிய மொத்த வணிகர் இன்னும் பணம் தரவில்லை என்பார். அது மெய்யாகவும் இருக்கலாம். அவரை எளிதிற் பழித்துவிட இயலாது. ஆயினும் அத்தாமதத்தின் சுமை இறுதியில் எவர் தலைமேல் இறங்குகிறது? அன்றைய கூலியைக் கொண்டு அன்றைய உலையை ஏற்றுபவர் மேலன்றோ! வேலை போய்விடுமோ என்று அஞ்சி அவர் வாய் திறப்பதில்லை.

மறைத்த குறையை வாங்குபவர் அறிய இயலாது. நிலுவைக் கூலியை உழைப்பவர் கேட்க இயலாது. அறிய இயலாதவரிடத்தும் கேட்க இயலாதவரிடத்தும் நாம் நடந்துகொள்ளும் முறையே நம் நேர்மையின் அளவுகோல். பிறர் பொருளையும் தம் பொருள் போலவே பேணவேண்டும் என்ற கருத்தை வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தில் வைத்ததும் இதுபற்றியே எனலாம்.

தவறு நேர்ந்தபின் செய்யவேண்டியது யாது? வஞ்சித்துப் பெற்ற பொருளோடு ஐந்தில் ஒரு பங்கையும் கூட்டி உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்றும், பலி செலுத்துவது அதனை அடுத்தே என்றும் லேவியராகமம் விதிக்கிறது. எரிகோ நகரின் வரி வசூலிப்பாருள் தலைவனாகிய சகேயு அவ்விதியையும் கடந்து சென்றான். தன் உடைமையிற் பாதியை ஏழைகளுக்கு அளிப்பதாகவும், அநியாயமாகப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் இயேசுவிடம் உறுதி கூறினான். அறம் ஒரு கணக்கு, கடன் வேறொரு கணக்கு என்று அவன் பிரித்தறிந்தமை நாம் உன்னத்தக்கது. ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தீர்த்துவிட அவன் முயலவில்லை.

நம்மிடையே இவ்விரண்டும் அடிக்கடி குழம்பிவிடுகின்றன. திருவிழாவிற்கு நன்கொடையும் ஆலயத்திற்கு மணியும் அளிப்பது நன்றே. ஆனால் கூலி பெறாதவர் ஒருவர் அம்மணியோசையைக் கேட்டு நிற்பாராயின், அக்கொடையால் அவர்க்கு விளைந்த நன்மை யாது?

மாதுங்காவில் பூவை முழம் போட்டு அளப்பவரும், செம்பூரில் அண்டை வீட்டாரை நம்பவைத்துச் சீட்டு நடத்துபவரும், தாராவியில் தோல் தைத்து விற்பவரும் எந்தச் சமயத்தவராயினும் ஆகுக. உரியவர்க்கு உரியதைக் கொடுத்து முடித்தபின் காணிக்கைத் தட்டை நாடுவோமாக.