சிறுவர் கையில் தையல் இயந்திரம்: ஓர் அறவியல் நோக்கு

பிள்ளைகளுக்கு எதனைக் கற்பிக்கலாம் என்பதிலும், எதன்பொருட்டுக் கற்பிக்கிறோம் என்பதே அறவியலார் முதலில் எழுப்ப வேண்டிய வினாவாகும். கையாற் சுழற்றும் பழைய தையல் இயந்திரத்தைச் சிறுவர்க்குப் பழக்கலாமா என்று ஆராயுமிடத்தும் இவ்வினாவே முன்னிற்கின்றது.

சிங்கர் நிறுவனம் 1877இல் இலங்கையில் வணிகந் தொடங்கியது. அதன் கருநிறக் கைப்பிடி இயந்திரங்கள், மின்சாரம் எட்டாத மலைநாட்டு வீடுகளுக்கும் ஏற்றனவாயிருந்தன. வலக்கை பிடியைச் சுழற்ற, இடக்கை துணியை வழிநடத்தும்; கை நின்றால் ஊசியும் நிற்கும். ஆதலின் வேகத்தை வகுப்பது இயந்திரமன்று, பிள்ளையே. தையல் கோணினால் அதற்குப் பிறரைப் பழிக்கவியலாது. பிரித்து மீளத் தைக்கலாம். தவறு தண்டனைக்குரியதன்று, திருத்தத்துக்குரியது என்னும் பாடம் இதனாற் புலனாகின்றது.

இயந்திர மோகத்தைக் கண்டித்த காந்தியடிகளும் 1924இல் தையல் இயந்திரத்தை விதிவிலக்காக ஏற்றார். மனைவியின் சிரமத்தைக் குறைக்கும் அன்பினாலேயே சிங்கர் அதனை ஆக்கினார் என அவர் கருதினார். அவ்வரலாறு ஐயத்துக்குரியதாயினும், அவர் கொண்ட அளவுகோல் ஏற்புடையதே: கருவி மனிதனுக்காகவா, மனிதன் கருவிக்காகவா?

எனினும், கம்பளையிலிருந்து இதனை நோக்குவோர்க்கு ஒரு தடை எழும். நகரைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலே தலைமுறை தலைமுறையாகக் கையுழைப்பே விதியென வாழ்ந்தோர் பலர். எழுத்தறிவே விடுதலைக்கு வழியென நம்பிப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் அவர்களிடம், மீண்டும் கைத்தொழிலின் பெருமையைப் பேசுவது முறையாகுமா?

இத்தடை புறக்கணிக்கத்தக்கதன்று. 1953இல் சென்னை மாநிலத்தில் இராஜாஜி அரசு பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய பொழுதிற் பிள்ளைகள் பெற்றோர் தொழிலைப் பழகுமாறு ஒரு திட்டத்தைப் புகுத்தியது. 'குலக்கல்வி' எனக் கடுமையாக எதிர்க்கப்பட்ட அத்திட்டம் 1954இல் கைவிடப்பட்டது. மக்கள் வெறுத்தது தொழிலையன்று. பிறப்பினாலே தொழிலை விதிப்பதனையே.

ஆகவே மூன்று நிபந்தனைகள் வேண்டப்படும். தோட்டப் பிள்ளையோடு வழக்கறிஞர் பிள்ளையும், பெண்ணோடு ஆணும் பழக வேண்டும். நூற்கல்வியின் நேரம் குறைதலாகாது. தைத்த பொருள் பிள்ளைக்கே உரியதாக வேண்டும். அது விற்பனைக்குச் செல்லுமாயின் கல்வி அங்கே கூலியாகிவிடும்.

இம்மூன்றும் அமையுமாயின், ஒரு சட்டைப்பையைத் தைத்துப் பார்த்த பிள்ளை, கடையிலே தொங்கும் ஆடையில் அதன் விலையை மட்டும் காணாது. அதனைத் தைத்த கையையும் காணும். உழைப்போரை மதிக்க அறிவுரையாற் கற்பிப்பது அரிது. ஒருமுறையேனும் உழைத்த கை அதனைத் தானே கற்றுக்கொள்ளும்.