நாரையும் தூணும்

அருளிச்செயலில் இழிந்த எவரும் ஒரு கட்டத்தில் இக்கேள்வியை எதிர்கொண்டே ஆகவேண்டும். பாசுரத்தில் நாரை என்று வந்தால் அது நாரையா, ஆசார்யனா? பறவைக்கு இரண்டு சிறகுகள் இல்லாமல் பறத்தல் கூடாதாப்போலே ஞானமும் அனுஷ்டானமும் இரண்டும் வேண்டும் ஆசார்யனுக்கு. ஆகையால் தூது செல்லும் பறவை, சேதநனை எம்பெருமானோடு சேர்ப்பிக்கும் கடகரைக் காட்டும் என்பது நம் பூர்வாசார்யர்கள் காட்டிய ஸ்வாபதேசம். காலக்ஷேபத்தில் பழகிய செவிக்கு இது இனிக்கும். ஆனால் இனிப்பதாலேயே ஓர் அபாயமும் உண்டு. இந்தப் பொருள் கைக்கு வந்தவுடன் நாரையை நாம் பறக்கவிட்டுவிடுகிறோம். பிறகு அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

திருவாய்மொழியின் முதற்பத்து நான்காம் திருவாய்மொழியை எண்ணிப் பார்ப்போம். ஆழ்வார் பெண்ணிலைமை எய்தி, நாரையைக் கூவி அழைத்து, தம் நிலையை அவனிடம் சொல்லுமாறு இரக்கிறார். முதலில் பேடையை விளித்து அதன்பின் சேவலையும் கூட்டிக்கொள்கிறார். பிராட்டி முன்னாக அவனைப் பற்றும் நம் வழக்கம் இங்கே நினைவுக்கு வராமல் இராது. ஆயினும், கேட்பது பறவை என்பதையும், அதற்கு மறுமொழி சொல்லத் தெரியாது என்பதையும் நாம் மறந்துவிட்டால், அப்பாசுரத்தின் உயிர்நிலை போய்விடும். மறுமொழி சொல்லாத பொருளிடம் மன்றாடும்படி பிரிவு ஆழ்வாரைக் கலங்கப் பண்ணிற்று. எடுத்த எடுப்பிலேயே அது ஆசார்யன்தான் என்று வைத்துவிட்டால் கலக்கம் எங்கே? ஞானமுடைய ஒருவர் ஞானமுடைய இன்னொருவரிடம் விண்ணப்பம் செய்தார் என்று முடிந்துபோகும். பிராட்டியைப் பிரிந்த பெருமாள் காட்டு மரங்களைப் பார்த்து அவளைக் கண்டீர்களா என்று வினவியதை ஸ்ரீராமாயணத்தில் ஸேவிக்கிறோம். அம்மரம் யாரைக் குறிக்கிறது என்று அங்கே கேட்கிறோமா? மரத்தைக் கேட்கும் அளவுக்கு வந்துவிட்டதே என்றுதானே உருகுகிறோம்!

வ்யாக்யாதாக்கள் இதை நன்கு அறிந்திருந்தனர். திருவிருத்தத்தின் நூறு பாசுரங்களில் பெரும்பாலானவை அகத்துறையாய் நடப்பவை. அங்கே உரையின் நடையைக் கவனித்தால் ஒரு முறை தெரியும். தலைமகளின் ஆற்றாமை, தோழியின் தேற்றம், தாயின் பதைப்பு என்று பாட்டின் கதையை முழுவதும் உரைத்த பின்னரே ஸ்வாபதேசம் தனியே வரும். அதுவும் பெரும்பாலும் சுருங்கியே வரும். அடியேனுக்கு இது ஏதோ அச்சு ஒழுங்கு என்று தோன்றவில்லை. பொருள்களுக்குள் மூப்பு இளமை வைத்த ஒழுங்கு என்றே தோன்றுகிறது.

அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் ஆசார்ய ஹ்ருதயத்தில் காட்டும் நெறியும் இதுவே. திருவாய்மொழி நூறு திருவாய்மொழிகளில் இருபத்தேழு பெண் பேச்சாக வருகின்றன: தோழி பேசுவன 3, தாய் பேசுவன 7, மகள் பேசுவன 17. எம்பெருமானோடு உள்ள உறவை உணர்ந்திருக்கும் நிலையைத் தோழி என்றும், அவனே உபாயம் என்று துணிந்திருக்கும் நிலையைத் தாய் என்றும், பலத்துக்குப் பதறும் நிலையைத் தலைமகள் என்றும் நாயனார் காட்டுவர். இந்தப் பொருத்தம் ஏன் நிற்கிறது? உலகத்துத் தாய் உண்மையிலேயே மகளைத் தடுப்பாள். அவன் வந்து கொண்டுபோகட்டும், நீயாகப் படிதாண்டாதே என்பாள். அந்தத் தடையில் தாயின் அச்சமும் குடிப்பழிக்கு நாணுதலும் மெய்யாக இருப்பதாலேயே, உபாய நிஷ்டையைத் தாங்கும் வலிமை அவள் பேச்சுக்கு வந்தது. தாயை வெறும் குறியீடாக்கினால் குறிக்கப்பட்ட பொருளும் கூடவே சரியும்.

இக்காலத்து உபந்யாஸங்களில் ஐந்து என்ற எண் கண்ணில் பட்டால் புலன்கள், மூன்று பட்டால் குணங்கள் என்று ஓடிவிடும் வழக்கம் பெருகியிருக்கிறது. எண்ணத் தெரிந்தால் போதும், உரை தயார். அதைவிடக் கடுமையான இடம் ஒன்று உண்டு. எங்கள் சூரமங்கலத்தில் சிலர் கூடி ஈடு வாசிக்கும் கோஷ்டியில் ஓர் இளைஞர் கேட்டார்: "இரணியன் அகங்காரம், தூண் நம் நெஞ்சு, சிங்கம் ஞானம். இப்படிக் கொண்டால் போதாதா ஸ்வாமி? மற்றதெல்லாம் எதற்கு?"

இக்கேள்வி எங்களுக்கு அயலிடத்துக் கேள்வி அன்று. சேலம் சந்திப்பில் கரூர் மார்க்கத்து ரயில் ஏறினால் நாமக்கல். அம்மலையின் மேற்புறக் குடைவரையில் நரசிங்கப் பெருமான் எழுந்தருளியிருக்கிறார். அதே குகையின் சுவரில் இரணியனை மடியிலிட்டுப் பிளக்கும் திருக்கோலம் பாறையிலேயே வடிக்கப்பட்டிருக்கிறது. கீழ்ப்புறத்தில் அரங்கன் பள்ளிகொண்ட குகையை அங்குள்ள கல்வெட்டு அதியேந்திர விஷ்ணு க்ருஹம் என்கிறது. அந்த வடிவத்தின் முன் நின்று, இது ஒரு கருத்தின் படம் என்று சொல்ல நம்மால் ஆகுமா? அர்ச்சை எம்பெருமானை நினைவூட்டும் அடையாளம் அன்று, அவனே என்பது நம் ஸித்தாந்தம்.

மேலும், இரணியனை அகங்காரமாக மட்டும் கொண்டால், பெற்ற தகப்பனால் நலிவுண்ட ஒரு பிள்ளையை நாம் கதையிலிருந்து நீக்கிவிடுகிறோம். அப்பிள்ளை பட்டது கருத்தளவில் அன்று. அவன் சொன்ன ஒரு சொல் பொய்யாகாதபடி அந்தக் கணமே தோன்றினான் என்பதில்தான் நம் போல்வாருக்கு நம்பிக்கை இருக்கிறது. கருத்துக்கு விரைந்து வரத் தெரியாது.

இங்கே வ்யாக்யாதாக்கள் செய்ததைப் பார்க்கவேண்டும். ஸ்வாபதேசத்தில் இத்தனை ரஸம் கண்ட அவர்கள், தூண் விஷயத்தில் என்ன ஆராய்ந்தனர்? தூண் எதைக் குறிக்கும் என்றல்ல. அதை நட்டவன் யார், தட்டியவன் யார் என்று. வேறொருவர் நாட்டிய தூணானால், முன்பே சிங்கத்தை உள்ளே ஒளித்துவைத்தார்கள் என்னலாம். ஆகையால் இரணியன் தானே அளந்து நட்ட தூண் அது. வேறொருவர் தட்டினால் கையில் கொண்டுவந்து விட்டார்கள் என்னலாம், ஆகையால் தானே தட்டினான். ஒரு வழக்கில் சாட்சியை விசாரிப்பவர் போல ஐயத்துக்கு இடமில்லாதபடி ஒவ்வொரு கதவாக அடைத்துக்கொண்டு வருகிறார்கள். தூண் தூணாக இருக்கவேண்டும் என்பதில் அவர்களுக்கு அத்தனை கவலை.

அதற்காக ஸ்வாபதேசத்தைத் தள்ளவேண்டியதில்லை. என் நெஞ்சிலும் ஓர் இரணியன் உண்டு, அவனையும் பிளந்தருளவேண்டும் என்று அக்குகையில் நின்று ஒருவர் வேண்டிக்கொண்டால் அது அழகிய வேண்டுதல். அன்று தூணில் மெய்யாகத் தோன்றினவன் ஆகையாலே இன்று என் நெஞ்சிலும் தோன்றுவான் என்று அவ்வேண்டுதல் முந்தைய நிகழ்ச்சியைக் காலூன்றி நிற்கிறது. "மற்றதெல்லாம் எதற்கு" என்றால் அந்தக் கால் போய்விடும்.

தூது விட்ட ஆழ்வார் பறவைகளுக்கு ஊர்ப்பெயரும் சொல்லி அனுப்பினார். ஆறாம் பத்தின் தொடக்கத்தில் திருவண்வண்டூருக்கு, ஒன்பதாம் பத்தில் திருமூழிக்களத்துக்கு. திருவண்வண்டூர் செங்கண்ணூருக்கு அருகே இருக்கிறது. எங்கள் ஊர் ரயிலடியில் நின்றுபோகும் கேரளத்து வண்டிகளில் சில அந்தச் செங்கண்ணூரிலும் நிற்கின்றன. வயல் நடுவே போகும் வழியில் வெள்ளைப் பறவை ஏதேனும் கண்ணில் பட்டால், உரையை நினைக்கும் முன் அதைச் சற்று நேரம் பார்க்கலாம்.